கலவன்

ஆவுடையப்பன் அன்று செருப்போடு மடத்துக்குள் வந்துவிட்டார்.

கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். உடனே குனிந்து பெருக்கினார்கள். அவர் முகம் அப்படி இருந்தது.

தையல்நாயகி அம்மை தூணருகே உட்கார்ந்து, கிழிந்த சாக்கைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார்.

"செருப்பு," என்றார்.

அவர் திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார். போய் வந்ததில் கோபம் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது.

தாமிரபரணிக் கரையில் இருக்கும் சின்ன மடம் அது. அம்மைக்கு நாற்பத்தாறு வயது. கல்லூரியில் உயிரியல் நடத்திக்கொண்டிருந்தவர், பத்து வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தார். ஆவுடையப்பனுக்கு அறுபத்து மூன்று. விதைச் சான்று அலுவலராக முப்பத்தொரு வருஷம் வயல் வயலாக நடந்தவர். ஓய்வு பெற்ற பிறகு, தன்னைவிட வயதில் இளைய இந்த அம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். ஏன் என்று யாராவது கேட்டால், "அவங்க ஒருநாளும் எங்கிட்ட இனிக்க இனிக்கப் பேசுனதில்ல, அதான்" என்பார்.

அன்று உட்காராமலே பேசினார்.

"எம் மக உங்க பேச்சைக் கேப்பா. நீங்க சொல்லணும்."

"என்னன்னு?"

"கொலைகாரன் மகனைக் கட்டக்கூடாதுன்னு."

அம்மை ஊசியை நிறுத்தவில்லை. "யாரு கொலைகாரன்?"

"கொம்பையா. எந் தம்பி வேலாயுதத்தை மம்பட்டியால அடிச்சுக் கொன்னவன். வாய்க்கால் தண்ணி எனக்கு முந்தியா உனக்கு முந்தியான்னு ஒரு பேச்சு. அவ்வளவுதான். இருபத்து மூணு வருஷம் ஆச்சு. அவன் செயில்லயே செத்தான். இப்ப அவன் மகன் வந்து நிக்குதான், எம் மகளைக் கேட்டு."

"அந்தப் பையன் எப்படி?"

"அதுல கேக்க என்ன இருக்கு? சுரையைப் போட்டா அவரையா மொளைக்கும்?"

"அவன்கிட்டப் பேசிப் பாத்தீங்களா?"

"அவன் மூஞ்சியைப் பாத்தாலே போதும். அப்படியே கொம்பையா. அதே நெத்தி. அதே முறைப்பு."

அம்மை நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நெல்லு கதிர் தள்ளிருச்சு. கலவன் எடுக்கணும். எடுத்துட்டு வாங்க. பெறகு பேசலாம்."

"நான் என்ன சொல்லுதேன், நீங்க என்ன சொல்லுதீங்க?"

"ரெண்டும் எனக்குக் கேக்கு. போய்ட்டு வாங்க."

விதை நெல்லுக்கென்று விட்ட வயலில் வேறு ரகம் கலந்து முளைத்திருந்தால் அதைக் கலவன் என்பார்கள். அறுவடைக்கு முன்னால் அதை வேரோடு பிடுங்கிவிட வேண்டும். மடத்துக்குப் பின்னால் இருந்த முப்பது சென்ட் வயலில் அந்த வேலையை ஒவ்வொரு போகமும் ஆவுடையப்பன்தான் செய்வார். பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிற மாதிரி பார்த்துப் பார்த்துச் செய்வார்.

அன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியவர், வடக்கு மூலையில் போய் நின்றார். அங்கே பத்துப் பதினைந்து குத்துகள் மற்றதைவிட ஒரு சாண் உயரமாக நின்றன. இலை கறுத்துப் போயிருந்தது. பக்கத்தில் எல்லாம் கதிர் தலை சாய ஆரம்பித்துவிட்டது. இவற்றில் கதிர் இப்போதுதான் இலையுறையை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து பிடுங்கினார். பிடுங்கப் பிடுங்கக் கை வேகமெடுத்தது. சேறு முகத்தில் அடித்தது. துடைக்கவில்லை.

ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மையின் முன்னால் போட்டார்.

"எடுத்தாச்சு. இப்பச் சொல்லுங்க. நீங்க காலேசுல இதைத்தான நடத்துனீங்க? கோபம் ரத்தத்துல வருமா, வராதா? ஒத்தச் சொல்லுல சொல்லுங்க."

"வரும்," என்றார் அம்மை.

ஆவுடையப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. 

"வரும்லா? அப்ப நான் சொல்லுதது சரிதான?"

"உயரமும் விதையில வரும்தான?"

"ஆமா."

"பூக்கிற நாளு?"

"அதுவும் விதையிலதான்."

"அப்படின்னா இதை நல்லாப் பாருங்க." பிடுங்கிய கட்டை அவர் பக்கம் காலால் தள்ளினார். அம்மை காலால் எதையும் தள்ளி அவர் பார்த்ததில்லை. "அந்த மூலையில நாத்து நட்டது நான். ஒரே நாத்தங்கால். ஒரே மூட்டை விதை. தொழுவம் கழுவுற சாணித் தண்ணி பூரா உரமா அந்த மூலைக்குத்தான் போவுது."

ஆவுடையப்பன் ஒரு குத்தை எடுத்து அடித்தாளை விலக்கிப் பார்த்தார். மற்ற நெல்லின் அதே ஊதா நிறம். கதிரைப் பிரித்து நெல்லின் நுனியைப் பார்த்தார். அதே கறுப்புப் புள்ளி. இன்னொரு குத்தை எடுத்தார். அதுவும் அப்படியே.

ஒரு கலவனைக் கலவன் என்று சொல்வதற்கு முன்னால் அடித்தாளையும் நெல்லின் நுனியையும் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

"என்னை ஏமாத்திட்டீங்க," என்றார்.

"கலவன் எடுங்கன்னு சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டு எடுங்கன்னு சொல்லல."

அவர் கையிலிருந்த குத்தைக் கீழே வைத்தார்.

"உங்க ஆபீசுல இந்த மாதிரி சந்தேகம் வந்தா என்ன செய்வீங்க?"

"விதைச்சுப் பாப்போம்."

"எப்படி?"

"சந்தேகப்பட்ட விதையையும் அசல் விதையையும் பக்கத்துப் பக்கத்துல விதைப்போம். ஒரே மண்ணு. ஒரே தண்ணி. ஒரே நாள்ல. அப்பவும் வித்தியாசமா வந்தா, அது விதையோட குணம்."

"ஒண்ணை எருக்குழி ஓரத்துலயும் இன்னொண்ணை உப்புத் தரையிலயும் விதைச்சு, வித்தியாசமா இருக்குன்னு ஒருத்தன் எழுதிக்கொண்டு வந்தா?"

"கிழிச்சு அவன் மூஞ்சியில எறிவேன்."

"சரி. அந்தப் பையன் எங்க வளந்தான்?"

"எனக்கெப்படித் தெரியும்? அவன் பெரியம்மை வீட்டுக்குத் தூத்துக்குடிக்குப் போனான். உப்பளத்துல வேலை பாக்குறவ."

"சொந்த ஊரை விட்டு ஏன் போனான்?"

ஆவுடையப்பன் சுவரைப் பார்த்தார்.

"ஏன் போனான்னு கேட்டேன்."

"நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்."

"போய்?"

"எந் தம்பி செத்த பதினாறாம் நாள் முடிஞ்சிருந்தது. அந்தப் பய வந்து ரெண்டாங்கிளாசுல உக்காந்து, ஒண்ணும் நடக்காத மாதிரி சிலேட்டுல எழுதிட்டிருந்தான். எம் மக அதே பள்ளிக்கூடத்துல ஒண்ணாங்கிளாசு. ஹெட்மாஸ்டர்கிட்டச் சொன்னேன், கொலைகாரன் வித்து எங்க பிள்ளைங்களோட உக்காரக் கூடாதுன்னு. ஊரு பூரா என் பின்னால நின்னுச்சு. அவரும் அவன் பேரை அடிச்சிட்டாரு."

"அவனுக்கு என்ன வயசு?"

"ஆறோ ஏழோ."

"அப்பா செயில்ல. அம்மா?"

"அவ அடுத்த மாசமே கிணத்துல விழுந்துட்டா."

அம்மை எழுந்து நின்றார். மடியிலிருந்த சாக்கு கீழே விழுந்தது.

"ஒரு விதையை எடுத்து, அதுக்குத் தண்ணியை அடைச்சு, மண்ணைப் பிடுங்கி, உப்புத் தரையில வீசிட்டு வந்திருக்கீங்க. இப்ப அது எப்படி வந்திருக்குன்னு போய்ப் பாக்கக்கூட இல்ல. நெத்தியைப் பாத்துட்டு வந்து எங்கிட்ட முத்திரை குத்தச் சொல்லுதீங்க."

"எந் தம்பி செத்தான்!" ஆவுடையப்பனின் குரல் உடைந்தது. "உங்களுக்கு அது தெரியாது. ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டான். அவன் மண்டை பிளந்து வரப்புல கெடந்தான். நான் அன்னைக்கு அரிவாளை எடுத்துக்கிட்டுக் கொம்பையா வீட்டுக்குப் போனேன். போலீசு முந்திக்கிட்டு அவனைக் கூட்டிட்டுப் போயிருச்சு. அவன் மட்டும் வீட்டுல இருந்திருந்தா…"

"இருந்திருந்தா?"



வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. செண்பகவல்லி முதலில் உள்ளே வந்தாள். அவர் மகள். திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அவளுக்குப் பின்னால் வந்தவன் அதே ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் நர்ஸ். பெயர் மகாராஜன். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தான்.

"நான்தான் வரச் சொன்னேன்," என்றார் அம்மை.

ஆவுடையப்பன் இரண்டே எட்டில் அவனிடம் போனார். ஓங்கி அறைந்தார். கையில் இருந்த சேறு அவன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது முறை கை ஓங்கியபோது மகாராஜன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

பிடி இறுகியது. அவன் தாடை இறுகியது. கண் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து வந்தது. கொம்பையாவைப் பார்த்திருந்தவர்கள் யாராக இருந்தாலும் அந்த முகத்தைக் கண்டு பயப்படுவார்கள். ஆவுடையப்பனும் பயந்தார்.

"மகா," என்றாள் செண்பகவல்லி.

அவன் கையை விட்டான்.  இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு வெளியே போனான். ஆற்றுப் பாதையில் அவன் நடந்து போவது கூடத்திலிருந்து தெரிந்தது.

"பாத்தியா?" ஆவுடையப்பன் மகளிடம் சொன்னார். மூச்சு வாங்கியது. "பாத்தியா அந்தக் கண்ணை?"

"பாத்தேன். உங்க கண்ணையும் பாத்தேன். கை ஓங்குனது யாருப்பா?"

"எதுத்துப் பேசாத."

"'உங்க சித்தப்பாவைக் கொன்னவர் மகன் நான்'னு அவனே எங்கிட்ட வந்து சொன்னான். பேச ஆரம்பிச்ச முதல் வாரத்துலயே சொன்னான். நான் ஆறு மாசம் அவன்கூடப் பேசலப்பா. சித்தப்பா மடியில உக்காந்து சாப்பிட்டது எனக்கு மறக்கல. பெறகுதான் பேசுனேன். யோசிச்சுத்தான் பேசுனேன்."

 அம்மை கீழே கிடந்த சாக்கை எடுத்து மடித்து வைத்தார்.

கால் மணி நேரம் கழித்து மகாராஜன் திரும்பி வந்தான். ஆற்றில் முகம் கழுவியிருந்தான். ஆவுடையப்பனுக்கு எதிரே, கை நீட்டினால் எட்டாத தூரத்தில் நின்றான்.

"எனக்கு எங்கப்பா கோபம் இருக்கு," என்றான். "நீங்க நெனைக்கது சரிதான். அது எனக்குத் தெரியும். பதினாலு வயசுல ஒருத்தன் என்னைக் கொலைகாரன் மகன்னான். அவன் பல்லு ரெண்டை உடைச்சேன்."

ஆவுடையப்பன் அம்மையைப் பார்த்தார். அம்மை அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா என்னை அடிக்கல. அந்தப் பையன் வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போயி, அவங்க அம்மா பேசுன பேச்சு பூராத்தையும் நின்னு கேக்க வச்சா. வீட்டுக்கு வந்து சொன்னா: உங்கப்பனுக்கு வந்தது உனக்கும் வரும்லே. அது உன் தப்பு இல்ல. வர்றது தெரிஞ்சா கையைக் கட்டிக்கிட்டு வெளிய போயிரு. ராத்திரி எந்நேரம்னாலும் கதவைத் திறந்து வச்சிருக்கேன்னா. நான் நடந்து நடந்தே பன்னண்டாவது முடிச்சேன். உப்பள வரப்பு பூரா எனக்குத் தெரியும்."

"இதை எங்கிட்ட ஏன் சொல்லுத?"

"உங்ககிட்டச் சம்மதம் கேக்க வரல. உங்க முகத்தைப் பாத்துச் சொல்லாமக் கல்யாணத்தைப் பதிவு பண்ண மாட்டேன்னு இவ சொல்லிட்டா. அதுக்காக வந்தேன். வர்ற வெள்ளிக்கிழமை பதிவு."

"என் தம்பியை…"

"எங்கப்பா செஞ்சது தப்பு. செயிலுக்கு மனுப் போட்டுப் பாக்கப் போனப்பல்லாம் அவர்கிட்ட அதைச் சொல்லியிருக்கேன். அவரு அழுவாரு. அதுக்கு மேல எனக்கு என்ன செய்யன்னு தெரியல." அவன் கொஞ்சம் நிறுத்தினான். "ஆனா உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு. அது போவாது. பள்ளிக்கூடத்துக்கு நீங்க வந்த அன்னைக்கு நான் தண்ணிப் பானைகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க பேசுனது எனக்குக் கேட்டுச்சு. வித்துன்னா என்னன்னு எங்கம்மாகிட்டப் போய்க் கேட்டேன்."

செண்பகவல்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன பள்ளிக்கூடம்?"

மகாராஜன் ஆவுடையப்பனைப் பார்த்தான்.

"எந்தப் பள்ளிக்கூடம், மகா? நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"உங்கப்பா சொல்லட்டும்னு இருந்தேன்."

அவள் தகப்பன் பக்கம் திரும்பினாள். ஆவுடையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முன்பு அம்மையிடம் சொன்னபோது இருந்த குரல் இப்போது இல்லை. ஊர் பூரா என் பின்னால் நின்றது என்கிற வரியை இந்த முறை விட்டுவிட்டார். அவன் அம்மா கிணற்றில் விழுந்ததைக் கடைசியில் சொன்னார்.

செண்பகவல்லி கேட்டு முடித்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. உதடு மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

"அம்மா, நாங்க வாரோம்," என்று அம்மையைக் கும்பிட்டாள். தகப்பனிடம் ஒன்றும் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிள் கிளம்புகிற சத்தம் கேட்டது. மேட்டில் ஏறி, இறங்கி, ஓய்ந்தது.

ஆவுடையப்பன் கூடத்தில் உட்கார்ந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்தார்கள். எழுந்து போகவில்லை. அம்மையும் போகவில்லை.

"எனக்குக் கோபம் அடங்கல," என்றார் அவர் கடைசியில். "எல்லாம் புரியுது. ஆனா அடங்கல."

"அடங்காது."

"நீங்களும் எம் மேல கோபமா இருக்கீங்க."

"ஆமா. இருக்கேன்."

அவர் தலையசைத்தார். கையில் காய்ந்துபோன சேற்றை விரலால் உரித்தார்.

"எந் தம்பியும் நானும் ஒரே வயித்துல பொறந்தோம். ஒரே வட்டில்ல தின்னோம். அவனுக்கு எப்படிக் கோபமே இல்லாமப் போச்சு?"

"தெரியாது."

"காலேசுல நடத்துனீங்களே."

"நடத்துனேன். இருந்தாலும் தெரியாது. ஒரே வயிறுன்னாலும் ரெண்டு பேருக்கும் விழுந்த சீட்டு வேற. ஒரே வட்டில்னாலும் உங்க அப்பா ரெண்டு பேரையும் ஒரே மாதிரியா அடிச்சாரு?"

அவர் சட்டென்று நிமிர்ந்தார். அப்பா அடித்ததைப் பற்றி அவர் இந்த மடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

"என்னைத்தான் அடிப்பாரு," என்றார். "மூத்தவன் நான். அவனை அடிக்க வந்தாலும் நான்தான் குறுக்க போயி நிப்பேன்."

அம்மை உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார். அவர் குடித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் கேக்குதேன். கல்யாணம் நடக்கட்டும். நான் தடுக்கல. தடுத்தாலும் நிக்காது. ஆனா நாளைக்கு அதுகளுக்கு ஒரு பிள்ளை பொறக்கும். அந்தப் பிள்ளைக்குத் தாத்தன் கோபம் அப்படியே வந்துட்டா, அப்ப என்ன செய்யுறது?"

அம்மை கேட்டார்:

"எந்தத் தாத்தா?"